கோகிலவாணிக்கு நான்கு பிறந்தநாள்

ஜூன் 2, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டேன். ஈப்போவிலிருந்து வண்டியில் முக்கால் மணி நேரம், வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். பொன்வாசல் இல்லத்தில் முப்பத்தொரு பிள்ளைகள், எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். பெரும்பாலானவர்கள் பக்கத்துப் பள்ளிக்குப் போகிறார்கள். ஆறு பேருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் பள்ளியும் இல்லை. அவர்களுக்காக இல்லத்தின் பின்பக்கம் ஒரு வகுப்பறை. அவ்வப்போது வருகிற தொண்டர்கள்தான் ஆசிரியர்கள். மூன்று மாதத்துக்கு அந்த ஆசிரியர் நான்.

இருபத்தேழு வருடம் ஊரில் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்தவள் நான். பிறந்ததற்குச் சான்று கொடுத்தே பிழைத்தவளுக்கு, சான்று இல்லாத பிள்ளைகளிடம் வாத்தியார் வேலை. நல்ல பொருத்தம்தான். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன். ஏன் என்பதை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. "ஒரு மூணு மாசம் போயிட்டு வாக்கா, மனசு லேசாகும்" என்று தம்பிதான் அனுப்பிவைத்தான். என் மனசு கனமாக இருக்கிறது என்று அவனிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை.

சமையல், துணி, காய்ச்சல் மருந்து எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே ஆள், இந்திராணி. வாசலிலேயே "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்றாள். காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுவது என்கிறார்கள். கேட்கவே நன்றாக இருந்தது.

ஜூன் 4, புதன்

அலுவலகத்தில் பாஸ்போர்ட் நகல் கொடுத்தேன். அதைக் கோப்பில் சேர்த்துத் துளை போட்டது ஒரு சின்னப் பெண். பெயர் கோகிலவாணி. பின்வகுப்பின் ஆறு பேரில் மூத்தவள். இல்லத்தின் அலுவலக வேலையில் பாதி அவள் தலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூன் 7, சனி

எனக்கு வந்த கோபத்துக்கு இந்த நோட்டையே கிழித்துப் போடலாம்.

யாரோ ஒரு வியாபாரிக்குத் தாயாரின் அறுபதாவது பிறந்தநாள். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு அவர் செலவு. பன்னிரண்டு மணிக்கெல்லாம் முப்பத்தொரு பேரையும் குளிப்பாட்டி, தலையில் காகிதத் தொப்பி மாட்டி, கூடத்தில் வரிசையாக உட்காரவைத்தாயிற்று. அவர்கள் வந்தபோது மணி இரண்டு நாற்பது. வந்தவர்கள் உடனே சாப்பாட்டைத் திறந்தார்களா? கேக், பாட்டு, வீடியோ. பாட்டு சரியாகப் பதியவில்லை என்று திரும்பவும் பாடச் சொன்னார்கள். தர்ஷினிக்கு ஐந்து வயது. கட்டைவிரலைச் சப்பிக்கொண்டே கை தட்டினாள்.

நடுவில் நான் பொறுக்கமாட்டாமல் என் பையிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்து நாலைந்து குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டேன். தலைவர் தனபாலன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இந்த இல்லத்தைக் கட்டியவர், வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு.

"டீச்சர், ஸ்பான்சர் வர்ற நாள்ல பிள்ளைங்களுக்கு ஒண்ணும் குடுத்துறாதீங்க. பசியோட இருந்தாதான் நல்லா சாப்பிடுவாங்க. தட்டுல மிச்சம் வெச்சா ஸ்பான்சருக்கு மனசு கஷ்டமாயிரும்லா."

"பிள்ளைங்களுக்கு வயிறு கஷ்டமா இருக்கே, அது பரவாயில்லையா?" என்றேன்.

சிரித்தார். "நீங்க புதுசு" என்றார்.

இந்திராணியிடம் போய்க் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள். "சனி ஞாயிறு மதியம் எனக்கு அடுப்பு பத்தவைக்க பெர்மிஷன் இல்ல டீச்சர். இங்க அப்படிதான்லா" என்று வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பசியாறிட்டீங்களா என்று வருகிறவர்களை எல்லாம் கேட்கிற ஊர் இது.

ஜூன் 11, புதன்

வகுப்பு. ஆறு பேரும் வெவ்வேறு வயது. இதுவரை வந்த தொண்டர்கள் எல்லாரும் முதலிலிருந்தே ஆரம்பித்திருக்கிறார்கள். ஐந்து தடவை கூட்டல் கழித்தல் முடித்திருக்கிறார்கள், வகுத்தலுக்கு யாரும் தங்கவில்லை. கோகிலவாணி மட்டும் பழைய புத்தகங்களை வைத்துத் தானாகவே பின்னம் வரை வந்திருக்கிறாள். பன்னிரண்டு வயது இருக்கும் என்றாள் இந்திராணி.

அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டு இருக்கிறது, அட்டையில் பூனை. எப்போது பார்த்தாலும் அதில் பென்சிலால் ஏதோ எழுதுகிறாள். கணக்குப் போடுகிறாளாக்கும்.

இன்று அவள் ஒரு வித்தை காட்டினாள். எந்தத் தேதி சொன்னாலும் அன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று சொல்கிறாள். மார்ச் 3? கடிகாரக் கடை அங்கிள் மகன், கோழி பொரியல். அக்டோபர் 19? டத்தோவோட மச்சினிச்சி, நாசி பிரியாணி, லேட்டா வந்தாங்க. டத்தோ என்பது இங்கே அரசு கொடுக்கும் பட்டமாம். நான் அசந்துபோனேன்.

"சரி, உன் பிறந்தநாள் என்னைக்கு?"

"எது டீச்சர்?" என்றாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

ஒரு பார்ட்டி. ஒன்றரை மணி நேரத் தாமதம். இந்த முறை பிஸ்கட்டை முன்கூட்டியே, குளியலறை வாசலில் வைத்தே கொடுத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

கோகிலாவின் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது என்று இந்திராணி சொன்னதிலிருந்து, இரண்டு நாளாக இதே யோசனை. ஊரார் பிறந்தநாளுக்கெல்லாம் தொண்டை வறளப் பாடுகிற பிள்ளைக்குத் தன் பிறந்தநாள் தெரியாது. இது என்ன நியாயம்? கேக் வெட்டுகிறவர்கள் ஒருவராவது அவளைக் கேட்டிருப்பார்களா?

முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை கோகிலவாணிக்குப் பிறந்தநாள். என் செலவு. சாப்பாடு சரியாகப் பன்னிரண்டரைக்கு.

ஜூன் 21, சனி

நன்றாக நடந்தது. இந்திராணி மீகூன் என்கிற அரிசிச் சேமியா பிரட்டினாள், அடுப்பு பற்றவைக்கத் தலைவரிடம் நானே அனுமதி வாங்கினேன். பிள்ளைகளுக்குச் சாக்லேட் கேக்தான் பிடிக்கும் என்றாள். நான் காப்பி கேக் வாங்கினேன். எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அல்ல, அந்தக் கடையில் அதுதான் பார்க்க நன்றாக இருந்தது. ஏன் இன்றைக்கு என்றும் கேட்டாள். சனிக்கிழமை, வேறு பார்ட்டி இல்லை, அவ்வளவுதான் என்றேன்.

எல்லாரும் பாடும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோகிலா அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. கத்தியை வாங்கி, கேக்கின் எழுத்து கேமராவுக்குத் தெரியும்படி தட்டைத் திருப்பி, முகத்தைச் சற்று இடப்பக்கம் சாய்த்து நின்றாள். முதல் துண்டை எனக்கு ஊட்டி, அப்படியே அசையாமல் மூன்று எண்ணும் நேரம் நின்றாள். கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம். சரி, கூச்சமாக இருக்கும்.

படத்தை அலுவலகப் பையன் இல்லத்தின் முகநூல் பக்கத்தில் போட்டான். என்ன எழுத என்று கேட்டான். "இன்று பன்னிரண்டு வயது நிறையும் எங்கள் கோகிலவாணிக்கு வாழ்த்துகள்" என்று நானே சொல்லிக்கொடுத்தேன்.

தம்பி போன் செய்யவில்லை. நெட்வொர்க் இல்லையோ என்னவோ.

ஜூன் 22, ஞாயிறு

தம்பி இன்றைக்கும் செய்யவில்லை. மறந்திருப்பான். நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும். டவுனில் இருக்கும் இடைநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை கோகிலாவைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஜனவரியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். செப்டம்பர் கடைசிக்குள் பிறப்புப் பத்திரம் காட்டவேண்டும். இங்கே சூராட் பெரானாக் என்கிறார்கள். அதற்கு மனுப் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. தலைவர் ஒருமுறைகூடப் போய் விசாரிக்கவில்லை!

இது என் தொழில். கோப்பை என்னிடம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். மனுவில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் "உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறது. இப்படி ஒரு மனுவை என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். ஆஸ்பத்திரித் தாளில் ஒரு தேதி, ரேஷன் கார்டில் ஒரு தேதி என்று முத்துமாரி என்ற ஒருத்தி மகனுக்காக எட்டு தடவை வந்தாள். எட்டு தடவையும் திருப்பி அனுப்பினேன். விதியை நான் எழுதவில்லை. ஒன்பதாவது தடவை அவள் வரவில்லை, மேலிடத்துக்குப் புகார் போனது. இதைப் பற்றி எழுதப்போவதில்லை என்று சொல்லியிருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

இந்திராணியோடு கோகிலா பிறந்த தோட்டத்துக்குப் போனேன். இரண்டு பஸ், பிறகு அரை மணி நேரம் நடை. அம்மா பெயர் மாரியாயி, பால் மரம் என்கிற ரப்பர் மரமெல்லாம் வெட்டிச் செம்பனை வைத்த பிறகு அங்கே கூலி. கோகிலாவுக்கு நான்கு வயதில் இறந்துவிட்டாள். கல்யாணப் பதிவு இல்லை, தகப்பன் யாரென்று எந்தத் தாளிலும் இல்லை.

தோட்ட மருந்தகத்தில் வேலை பார்த்தவரை இங்கே டிரஸர் என்கிறார்கள். தேவசகாயம் என்று பெயர், ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் பிரசவப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கிறார். மனிதரைக் கும்பிடலாம். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். 2013 ஆகஸ்ட் 9, காலை ஆறு பத்து, பெண், இரண்டு கிலோ தொள்ளாயிரம், தாய் மாரியாயி. அவருடைய கையெழுத்து.

"கேக்க யாராச்சும் வருவாங்கன்னு பன்னெண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். தலைவர் வரவில்லையா என்றேன். யார் தலைவர் என்றார்.

நகல் வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்து கோகிலாவிடம் சொன்னபோது அவள் "ஆகஸ்ட் ஒம்போது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "அன்னைக்கு யாரும் புக் பண்ணல டீச்சர். ஆனா சனிக்கிழமை, பண்ணிருவாங்க" என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பதிவு அலுவலகத்தில் நேர்காணல். நான், கோகிலா, மொழிபெயர்க்க இந்திராணி. அதிகாரி புவான் நோராய்னி என்ற பெண்மணி; புவான் என்றால் நம் ஊர் 'அம்மா' மாதிரி மரியாதைச் சொல். தலையில் இளநீல முக்காடு, மூக்குக் கண்ணாடி. எங்களுக்குத் தண்ணீர் வைத்தார். டிரஸரின் பதிவேட்டு நகலைப் பார்த்து, மிகவும் நல்ல ஆதாரம் என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

பிறகு அவர் ஒரு உறையிலிருந்து நான்கு படங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். இல்லத்தின் முகநூல் பக்கத்திலிருந்து அச்செடுத்தவை. தலைவர் மனுவோடு கொடுத்த கடிதத்தின் தலைப்பிலேயே அந்தப் பக்கத்தின் முகவரியைப் பெருமையாகப் போட்டிருக்கிறார், அவர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பார்ப்பது அவர்கள் கடமை.

போன நவம்பர் 2: கோகிலா கேக் வெட்டுகிறாள், "இன்று பதினொரு வயது". பிப்ரவரி 11: கேக் வெட்டுகிறாள், "இன்று பன்னிரண்டு வயது". ஏப்ரல் 30: இன்னொரு கேக், இன்னொரு பன்னிரண்டு வயது. நான்காவது படத்தில் அவள் எனக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எது உண்மை?" என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. ஒரே பிள்ளைக்கு அந்த இல்லமே நான்கு தேதி சொல்லும்போது ஐந்தாவது தேதியை நான் எப்படி எழுதுவது என்றார். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

இல்லை. நான் தண்ணீர் வைத்திருக்கமாட்டேன். என்ன செய்தால் சரியாகும் என்று ஒரு வெள்ளைத்தாளில் அவரே எழுதியும் கொடுத்தார்: ஒவ்வொரு கொண்டாட்டத்தையும் நடத்தியவர், அந்தத் தேதி உண்மையான பிறந்த தேதி அல்ல என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இல்லத்தின் தலைவரும் எழுத வேண்டும். எல்லாம் வந்தால் கோப்பை மேலே அனுப்புகிறேன் என்றார்.

முத்துமாரிக்கு நான் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஜூலை 16, புதன்

தலைவரைப் பிடித்தேன்.

நுழைவாயிலிலேயே ஒட்டியிருக்கிறது, கேக்கும் ஒரு குடும்பமும் நடுவில் கோகிலாவுமாக இருக்கும் படத்தை ஒன்றரை மாதமாகப் பார்த்தும், எழுத்தை நான் படித்ததில்லை: "உங்கள் பிறந்தநாளை ஒரு குழந்தையோடு பகிர்ந்துகொள்ளுங்கள்." அதாவது பணம் கொடுப்பவருக்கு எந்தத் தேதியோ, அதே தேதியில் இல்லத்தில் ஒரு பிள்ளை பிறந்திருக்கும். கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். "என்ன பொருத்தம்!" என்பார்கள். பத்திரம் இல்லாத ஆறு பிள்ளைகளைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்கள், தேதியைச் சரிபார்க்க வழியில்லை அல்லவா. கோகிலாவுக்குக் கன்னத்தில் குழி விழும், படத்துக்கு நன்றாக இருக்கும், அதனால் அவளுக்கு அதிகப் பிறந்தநாள்.

"ஒரு கேக்குதானே டீச்சர். அந்தப் பிள்ளைக்கும் சந்தோஷம், ஸ்பான்சருக்கும் சந்தோஷம். இதுல யாருக்கு என்னா நஷ்டம்?"

"அவளுக்குப் பள்ளிக்கூடம் நஷ்டம். வருசத்துக்கு நாலு தடவ பிறந்தவன்னு சர்க்கார் மேசையில படம் கெடக்கு. நீங்க எழுதிக் கொடுங்க, அது பொய்த் தேதின்னு."

"பொய்யின்னு நான் எப்படி எழுதுவேன்? அவங்களாம் பெரிய மனுசங்க. நாளைக்கு ஒருத்தன் இந்த வாசப்படி ஏறமாட்டான். முப்பத்தொரு பிள்ளைங்களுக்கு யார் சோறு போடுவா, நீங்களா?"

"பசியோட உக்கார வச்சுப் போடுற சோறுதானே!" என்று கத்திவிட்டேன். கத்தியதற்கு வருத்தமில்லை. வெட்கமே இல்லாத மனுஷர். ஒரு பிள்ளைக்கு உலகத்தில் சொந்தமாக இருந்ததே அந்த ஒரு தேதிதான். அதையும் வாடகைக்கு விட்டிருக்கிறார்.

ஜூலை 18, வெள்ளி

நவம்பர் 2 அழகு நிலையக்கார அம்மா. போனில் அழைத்தேன். "நான் பொய் சொன்னேன்னு கையெழுத்து போடணுமா? என் பேர் என்னாகிறது?" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 19, சனி

பிப்ரவரி 11 கார் சாமான் கடை குணாளன். நேரில் போனேன். நல்லவர், அதிர்ந்துபோனார். அந்தப் பிள்ளைக்கும் அன்றைக்குத்தான் பிறந்தநாள் என்று நம்பி, அந்தப் படத்தைக் கடையில் மாட்டியே வைத்திருக்கிறார். கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார். திங்கட்கிழமையே எழுதித் தருகிறேன் என்றார். உலகத்தில் ஒருவராவது இருக்கிறாரே.

ஜூலை 22, செவ்வாய்

குணாளன் கொடுத்துவிட்டார். ஏப்ரல் 30 ஆள் ஊரில் இல்லை என்கிறார்கள். தலைவர் என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறார். ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு யோசனையா இந்த மனிதர்களுக்கு? ஒரு பிள்ளையின் வாழ்க்கை. ஒரு பேனா. ஒரு நிமிடம்.

ஜூலை 23, புதன்

துணி துவைத்தேன். மழை.

ஜூலை 25, வெள்ளி

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகு கோகிலா நின்றாள்.

"டீச்சர், நீங்க எழுதிட்டீங்களா?"

"என்னத்த?"

"ஜூன் இருபத்தொண்ணு பொய்யின்னு."

எழுதவில்லை. பத்து நாளாக எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருக்கிறேன், என் தாள் என் மேசை இழுப்பறையில் வெள்ளையாகவே இருக்கிறது. நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். துணி துவைக்க நேரம் இருந்தது.

"எழுதுறேன் பிள்ள. அன்னைக்கு ஏதோ ஒரு சனிக்கிழமைன்னு..."

அவள் பூனை அட்டை நோட்டை என் முன்னால் வைத்தாள். "இத காட்டினா புவான் நம்புவாங்களா?" என்றாள்.

கணக்கு நோட்டு அல்ல. எட்டு வயதிலிருந்து இந்தக் கூடத்தில் நடந்த ஒவ்வொரு பார்ட்டியும் அதில் இருக்கிறது. தேதி, உண்மையில் யாருக்குப் பிறந்தநாள், என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு வந்தார்கள். அடுத்தமுறை வரும்போது பெயர் மறந்துபோனால் கோபித்துக்கொள்வார்களாம், அதற்காக எழுத ஆரம்பித்திருக்கிறாள். "நவம்பர் 2. சலூன் ஆண்டி பேர்த்டே. எனக்குன்னு சொல்லி பாடினாங்க. 2.15." "பிப்ரவரி 11. குணா அங்கிள் பேர்த்டே. எனக்குன்னு சொன்னாங்க. அங்கிள் அழுதார்." "ஏப்ரல் 30. லாரி அங்கிள் பேர்த்டே. எனக்குன்னு சொன்னாங்க. ஐஸ்கிரீம் உருகிப்போச்சி."

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"ஜூன் 21. வள்ளிமயில் டீச்சர் பேர்த்டே. பாஸ்போர்ட் காப்பில பாத்தேன். டீச்சர் யாருக்கும் சொல்லல. காப்பி கேக், கசப்பு. சரியா 12.30க்கு சாப்பாடு. எல்லாரும் கோகிலான்னு பாடினாங்க. நான் மனசுக்குள்ள டீச்சர்னு பாடினேன்."

ஐம்பத்து மூன்று வயதுக்காரி, ஊரில் ஒருவரும் நினைக்கமாட்டார்கள் என்று தெரிந்தவள், ஒரு கேக் வேண்டும் என்று ஆசைப்பட்டு அதற்கு ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டுக்கொண்டேன். தனபாலனையும் சலூன்காரியையும் என்ன பாடு படுத்தினேன்! அவர்களாவது தங்கள் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

"கேக்கு கசப்பா இருந்துச்சா?" என்றேன். வேறொன்றும் கேட்க வரவில்லை.

"கொஞ்சம்" என்றாள். "ஆனா லேட்டாகல."

ஜூலை 28, திங்கள்

சத்தியப் பிரமாணம் கொடுத்துவிட்டேன். நான் தமிழில் சொல்ல, டவுனில் ஒரு வக்கீல் குமாஸ்தா மலாயில் தட்டச்சு செய்தார். "ஜூன் 21 அந்தப் பெண்ணின் பிறந்தநாள் அல்ல. அது என் பிறந்தநாள். அவளுக்கு என்று பொய் சொல்லிக் கொண்டாடினேன். இருபத்தேழு ஆண்டுகள் பிறப்புப் பதிவு வேலை பார்த்தவள் நான், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது." கடைசி வரி தேவையில்லை அம்மா என்றார் குமாஸ்தா. தேவை என்றேன்.

நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய் அதையும் குணாளன் தாளையும் பூனை நோட்டையும் வைத்தோம். புவான் நோராய்னி நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். தமிழ் தெரியாது, இந்திராணி படிக்கப் படிக்கக் கேட்டார். ஐஸ்கிரீம் வரியில் சிரித்தார். ஜூன் 21 வந்தபோது என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தார். எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு, மற்ற இருவரிடமும் தலைவரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்கிறேன் என்றார்.

இனிமேல் இந்தக் குழந்தையின் பிறந்தநாள் என்று எந்தப் படமும் வரக்கூடாது என்றும் சொன்னார். கோகிலா தலையை ஆட்டினாள்.

ராத்திரி ஊருக்கு, என் பழைய நாற்காலியில் இருக்கும் பையனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முத்துமாரி மகன் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறேன். எந்த மருத்துவரிடம் என்ன தாள் வாங்கினால் போதும் என்பதையும் எழுதியிருக்கிறேன். அது எனக்கு அப்போதும் தெரியும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும் தலைவருக்கு எங்கிருந்தோ பேனா கிடைத்துவிட்டது. லாரிக்காரரும் போட்டுவிட்டார், சலூன் அம்மாவும் போட்டுவிட்டார். கோப்பு மேலே போயிருக்கிறது. செப்டம்பருக்குள் வருமா என்று கேட்டால் புவான் நோராய்னி, முயற்சி செய்கிறேன் என்கிறார். அவர் சொன்னால் செய்வார்.

வாசலில் இருந்த விளம்பரத்தைக் கழற்றிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். சாயந்திரம் பார்த்தால் அதே இடத்தில் புதிது: "உங்கள் சிறப்பு நாளில் ஒரு குழந்தையின் புன்னகை." அதே குடும்பம், அதே கேக், கோகிலாவுக்குப் பதில் தர்ஷினியின் படம். நான் போய்க் கிழித்து, நான்காக மடித்துத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். முப்பதாம் தேதி நானே போகிறேன், அதுவரை தினம் கிழிப்பேன் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

அவள் சொன்னபடியே யாரோ புக் செய்துவிட்டார்கள். வீடு விற்கும் ஏஜெண்ட் ஒருவர், நாற்பதாவது பிறந்தநாள்.

விடிந்ததும் கோகிலாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். இந்திராணி ஒரு டம்ளர் சேமியா பாயசம் எடுத்துவைத்திருந்தாள். "இன்னைக்குத்தான் பிள்ள நிஜமான நாள். கேக்கு வேண்டாம், படம் வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் மெதுவா பாடுறோம்" என்றேன்.

"வேணாம் டீச்சர். யாராச்சும் கேட்டு போட்டோ எடுத்துருவாங்க. ஃபைல் கெட்டுரும்" என்றாள். பாயசத்தைத் தர்ஷினிக்குக் கொடுத்துவிட்டுத் தொப்பிகளை எண்ணப் போய்விட்டாள்.

ஒன்று ஐம்பதுக்கு ஏஜெண்ட் குடும்பம் வந்தது. முப்பத்தொரு பேரும் எழுந்து பாடினார்கள். கோகிலா மூன்றாவதாக நின்று, காகிதத் தொப்பியோடு, எல்லாரையும்விடச் சத்தமாக, முன்பின் தெரியாத ஒரு மனிதரைப் பிறந்ததற்காக வாழ்த்திக்கொண்டிருந்தாள். என் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் கழுத்தையும் பிடித்து வெளியே தள்ளவேண்டும் போல ஆத்திரம் வந்தது, அதில் முதல் கழுத்து என்னுடையது. கோகிலா முழங்கையால் என்னை இடித்தாள்.

"பாடுங்க டீச்சர். வீடியோ ஓடுது."

பாடினேன்.

சாயந்திரம் வகுப்பறையில் அவள் பென்சிலால் நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன், அவள் மறைக்கவில்லை. "ஆகஸ்ட் 9. வீடு ஏஜெண்ட் அங்கிள் பேர்த்டே. கோழி சோறு. 1.50." அதற்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.

"இந்த வரி எதுக்கு?"

"ஃபைல் வந்ததும் எழுதிக்குவேன் டீச்சர்" என்றாள். "பேனாவுல."